பூங்காவின் சாவி யாரிடம்? உள்ளாட்சி வேட்பாளர்களின் விளையாட்டு, நூலக, பண்பாட்டு வாக்குறுதிகள்

தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் துண்டறிக்கை எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் வரிசை மாறாது: குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, சாலை, குப்பை. தாளின் அடியில், சின்னத்துக்குச் சற்று மேலே, ‘நவீன பூங்கா, திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம், நூலகம், சமுதாயக் கூடம் அமைத்துத் தருவேன்’ என்று ஒரே மூச்சில் நாலு வாக்குறுதி இருக்கும். இந்த நாலுக்கும் நிலம் வேறு, கணக்கு வேறு, சில சமயம் துறையே வேறு. 2022 பிப்ரவரி 19 தேர்தலில் வந்த நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த துண்டறிக்கை கைக்கு வரும்போது அந்த ஒற்றை வரியை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

‘தருவேன்’ என்ற சொல்லிலேயே முதல் சிக்கல். 2022-ல் மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். வார்டில் நிற்பவர் வென்றாலும் சென்னையில் 200 பேரில் ஒருவர், மதுரையிலும் கோவையிலும் 100 பேரில் ஒருவர். வேலையை நடத்தும் அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. கவுன்சிலர் செய்யக்கூடியது, பொருளை மன்றத்தின் மேசைக்குக் கொண்டுவருவதும் அது வழியில் தங்கிவிடாமல் துரத்துவதும்தான். பாதை நீளம். பொறியியல் பிரிவு இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். அது மன்றப் பொருளாகித் தீர்மானமாக வேண்டும். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர், பணி ஆணை. வேலை நடக்க நடக்க அளவுப் புத்தகத்தில் பதிவு, அதன்பேரில் பில். தீர்மானத்தின் கடைசி வரியில் ‘நிதி நிலைமைக்கு ஏற்ப’ என்று இருந்தால், அந்தப் பணி இன்னும் பிறக்கவில்லை என்றே கொள்ளலாம். மறுபடியும் நிற்கும் கவுன்சிலரிடம் ‘பூங்கா கொண்டுவந்தேன்’ என்பதற்கு ஆதாரமாகத் தீர்மான எண்ணும் தேதியும் கேட்கலாம். கொண்டுவந்தவருக்கு அது மனப்பாடமாக இருக்கும்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்குரிய 18 பொருள்கள் உள்ளன. 12-ஆவது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகள். 13-ஆவது, பண்பாடு, கல்வி, அழகியல் வளர்ச்சி. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் 20-ஆவது நூலகம், 21-ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். நூலகம் என்ற சொல் கிராமத்துப் பட்டியலில் இருக்கிறது, நகரத்துப் பட்டியலில் இல்லை. ஆனால் துண்டறிக்கையில் நூலகத்தை அதிகம் அச்சடிப்பவர்கள் நகரத்து வேட்பாளர்கள்தான்.

நிலம் எங்கே இருக்கிறது?

பூங்கா வாக்குறுதிக்கு முதல் கேள்வி சர்வே எண். காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் பூங்கா ஆகாது. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் திடலாக மாற்ற அனுமதி கிடைக்காது. கரையில் நடைபாதை போடலாம், உள்ளே மண் கொட்டி மைதானம் ஆக்க முடியாது. கோயில் நிலமென்றால் அறநிலையத் துறையைத் தாண்ட வேண்டும். மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் வருவாய்த் துறை வகை மாற்றம் செய்ய வேண்டும், அதுவும் எளிதில் நடப்பதில்லை. நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் நகரங்களில் நகர நில அளவைப் பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை.

உள்ளாட்சியின் கைக்கு உண்மையாக வரும் நிலம் மனைப்பிரிவுகளிலிருந்து வருவது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைக்கான பரப்பு நீங்கலாக, 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகப் பிரித்துப் பதிவு செய்த தானப் பத்திரம் வழியாக ஒப்படைக்க வேண்டும். அதைவிடச் சிறிய பிரிவுகளில், நிலம் தர இயலாத சூழ்நிலையில், வழிகாட்டி மதிப்புக்குப் பணம் கட்டும் வழியும் உண்டு. அந்தப் பணம் கணக்கில் சேரும், தெருவில் இடம் சேராது. அங்கீகாரமே இல்லாமல் விற்கப்பட்ட மனைப்பிரிவுகளில் பெரும்பாலும் இந்தப் பத்து சதவீதமும் மனையாகப் போயிருக்கும். புறநகர் வார்டுகள் பலவற்றில் பூங்காவுக்கு இடம் கிடைக்காமல் போவதற்கு மூல காரணம் இதுதான்.

தானப் பத்திரம் பதிவானதோடு விஷயம் முடிவதில்லை. அடிக்கடி நடக்கும் கோளாறு இது: பத்திரம் உள்ளாட்சியின் பெயருக்கு வந்திருக்கும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். வேலியும் இருக்காது, பலகையும் இருக்காது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்த இடம் துண்டு துண்டாக விற்பனைக்கு வரும். வாங்கியவர் வீடும் கட்டிவிடுவார். அதன்பின் வழக்குதான். முன்கூட்டியே தடுக்க வேண்டுமென்றால் நான்கு தாள்கள் வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, இப்போதைய பட்டா. கிடைக்காததை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். நான்கையும் அருகருகே வைத்தால் எந்த இடத்தில் நூல் அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘புதிய பூங்கா’ என்று சொல்பவரைவிட, ‘நம் வார்டில் தானமாக வந்த பூங்கா இடங்கள் இத்தனை, இன்னின்னவற்றுக்குப் பட்டா மாற வேண்டும்’ என்று சொல்லும் வேட்பாளர் வீட்டுப்பாடம் செய்தவர்.

பூங்காவாகக் காட்டப்பட்ட இடத்தை வேறொன்றுக்குத் திருப்புவதும் நடக்கும்: தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி, அலுவலகம். தேவை நியாயமாகவே இருக்கலாம், ஆனாலும் சட்டம் குறுக்கே நிற்கும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது (பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கு). தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால், 1959-லேயே, பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களின் பட்டியலை உள்ளாட்சி தயாரித்து அரசுக்குத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பதை யாரும் தேர்தல் வாக்குறுதியாக வைப்பதில்லை. வைத்தால் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

திறப்பு விழாவுக்கு மறுநாள்

ஒரு பூங்காவின் கட்டுமானச் செலவு ஒரு முறை வருவது, அதற்குத் திட்டப் பணமும் கிடைக்கும். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற மாநிலத் திட்டங்கள் உண்டு. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். இதில் ஒரு கோணல் இருக்கிறது: அந்த மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட வல்ல குடியிருப்போர் சங்கம் இருக்கும் தெருவுக்குத்தான் பூங்கா போகும். ஏற்கெனவே வீட்டுக்கு வீடு தோட்டம் உள்ள நகருக்கு இன்னொரு பூங்காவும், ஒண்டுக் குடித்தனத் தெருவுக்கு ஒன்றுமில்லாமலும் போவது இப்படித்தான்.

திறந்த மறுநாளிலிருந்து செலவு உள்ளாட்சியின் சொந்தப் பணத்தில், அதாவது சொத்து வரியையும் மற்ற வருவாயையும் வைத்து நடக்கும் பொது நிதியில். அரை ஏக்கர் பூங்கா என்று வைத்துக்கொள்வோம்; ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். பாதி இடத்தில் புல்தரை போட்டால், கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் 5,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். தினமும் ஒரு சிறிய டேங்கர். ஆழ்துளைக் கிணறு மே மாதம் கைவிட்டால், ஜூனில் புல் காய்ந்து பூங்கா மண்மேடாகும். தோட்டக்காரர் ஒருவர், காவலுக்கு இரண்டு ஷிப்டாக இருவர். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தாலே ஆண்டுக்கு 5,40,000. மின்கட்டணம், மோட்டார் பழுது, கழிப்பறைச் சுத்தம் எல்லாம் இதற்கு வெளியே. ஆகவே வேட்பாளர் புல்தரை, நீரூற்று என்று அடுக்கும்போது பயப்படத்தான் வேண்டும். புங்கன், வேம்பு, மகிழம் போன்ற நிழல் மரங்களும், மண் திடலும், சுற்றிவரச் சீரான நடைபாதையும் இருந்தால் தண்ணீர்த் தேவை பல மடங்கு குறையும், பிள்ளைகள் பந்து விளையாடவும் இடம் மிஞ்சும்.

உபகரணங்கள் எங்கே பழுதாகும் என்பதும் தெரிந்த கதைதான். ஊஞ்சலில் முதலில் தேய்வது சங்கிலியை மேற்குழாயோடு சேர்க்கும் கொக்கி. சறுக்குமரத்தின் நாரிழைப் பலகை வெயிலில் வெடித்து ஓரம் பிளேடாகும். கீழே ஓரடி ஆழத்துக்கு மணல் இருக்க வேண்டிய இடத்தில் பேவர் கல் பதித்திருப்பார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று. விழும் பிள்ளைக்கு மண்டை உடையும். திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளில் பேரிங்கும் புஷ்ஷும் முதலில் போகும், பிறகு வெல்டிங் ஓரத்தில் துரு. பேரிங் மலிவான சாமான்தான். ஆனால் டெண்டரில் ஆண்டுப் பராமரிப்பு சேர்க்கப்படாமல் வெறும் ‘வழங்கிப் பொருத்துதல்’ மட்டும் இருந்தால், அந்த மலிவான சாமானை மாற்ற ஒரு புது மதிப்பீடும் ஒரு புது அனுமதியும் வேண்டும். அதற்குள் கருவி பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். வேட்பாளரிடம் கேட்கத்தக்கது இதுதான்: ‘மூன்று வருடப் பராமரிப்பைச் சேர்த்து டெண்டர் விடச் சொல்வீர்களா?’

செயற்கைப் புல் கால்பந்துத் திடல் இப்போது நாகரிகமாகிவிட்டது. மழையிலும் ஆடலாம், சேறு இல்லை, உண்மைதான். ஆனால் அதற்குள் நிரப்பிய மணலையும் ரப்பர்த் துகளையும் அடிக்கடி வாரிச் சமப்படுத்த வேண்டும், ஒட்டுக் கிழிந்தால் உடனே ஒட்ட வேண்டும், சில ஆண்டுகளில் விரிப்பையே மாற்ற வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி 2024 அக்டோபரில் சென்னையில் வெடித்தது. 9 செயற்கைப் புல் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆடுபவரிடம் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. தினக்கூலி வீட்டுப் பிள்ளைகள் ஆடும் வடசென்னையில் தலைக்கு 120 என்றால் ஆட்டமே நின்றுபோகும் என்று எதிர்ப்புக் கிளம்பியது, மாநகராட்சி பின்வாங்கியது. பின்வாங்கியது சரிதான். பராமரிப்புக்குப் பணம் எந்தச் செலவுத் தலைப்பில் என்ற கேள்வி மட்டும் விடை கிடைக்காமல் அங்கேயே நிற்கிறது. இலவசம் என்று சொல்லும் வேட்பாளர் அந்தத் தலைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளாட்சிக்குக் கேளிக்கையிலிருந்து வருவாயும் உண்டு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஜி.எஸ்.டி. வந்தபிறகு, 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி திரையரங்குக் கேளிக்கை வரியை விதிப்பது உள்ளாட்சி அமைப்புகள். அதில் ஒரு பங்கைத் திடல்களுக்கென ஒதுக்குவோம் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் பேச்சுக்கு ஒரு முகவரி கிடைக்கும்.

நூலகம்: வரி நம்முடையது, நூலகம் யாருடையது?

அதிகமாகக் குழப்பப்படும் வாக்குறுதி இது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. மேலே பொது நூலக இயக்ககம். நூலகரை நியமிப்பதும் மாற்றுவதும் நூல் வாங்குவதும் நேரம் குறிப்பதும் அவர்கள் வேலை. கவுன்சிலருக்கு இதில் கையெழுத்து இல்லை.

ஆனால் பணம் உள்ளாட்சி வழியாகத்தான் போகிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 4,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு நூலகத்துக்கு 400 ரூபாய் தருகிறது. உள்ளாட்சி இதை வசூலித்து ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும், தன் செலவுக்கு எடுக்கக் கூடாது. நடைமுறையில் பல உள்ளாட்சிகள் வசூலித்த பணத்தைச் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் திருப்பிவிட்டு ஆணைக்குழுவுக்குப் பாக்கி வைக்கின்றன. பாக்கி ஏறினால் அங்கே நூல் வாங்குவது நிற்கும், பழைய கூரைக்கு ஓடு மாற்றுவது நிற்கும். ஆக, நூலகம் தருவேன் என்பவரிடம் கேட்க வேண்டியது: ‘நம் நகராட்சி நூலக வரிப் பாக்கி எவ்வளவு? அதைத் தீர்க்க மன்றத்தில் குரல் கொடுப்பீர்களா?’

கட்டடமும் அவர் கைக்குள் வரும் விஷயம். பல கிளை நூலகங்கள் உள்ளாட்சிக் கட்டடத்தில் இருக்கின்றன, மற்றவை வாடகை வீட்டில். மழைக்கு ஒழுகினால் உள்ளாட்சி ‘நூலகத் துறை பார்க்கட்டும்’ என்று சொல்லும், துறை ‘கட்டடம் உங்களுடையது, நாங்கள் எப்படிச் செலவு செய்வது’ என்று கேட்கும். நடுவில் புத்தகம் நனையும். மன்றத்தில் ஒரே ஒரு தீர்மானம் போட்டுப் பழுதுபார்ப்பை உள்ளாட்சியே ஏற்றால் முடிந்தது. இடம் இலவசமாகக் கொடுப்பதும், கழிப்பறை கட்டிக் கொடுப்பதும், மாலை நேரத்தில் தெருவிளக்கு எரிய வைப்பதும் இந்த வகையே. ஒரு வேட்பாளருக்கு நூலகத்தின்மேல் உண்மையாகவே அக்கறை என்றால், 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகத் தேர்தலுக்கு முன்பே சேர்ந்திருக்கலாம். அதற்கு வெற்றிச் சான்றிதழ் தேவையில்லை.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நகராட்சி நிர்வாகத் துறை தன் திட்டப் பணத்தில் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ என்று பல ஊர்களில் கட்டியிருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மேசை, கணினி, இணையம். இவை உள்ளாட்சியின் பொறுப்பில் வருவதால் வேட்பாளர் வாக்குறுதி இங்கே செல்லும். பார்க்க வேண்டியது, இது படிப்பகமா நூலகமா என்பது. தேர்வுக் குறிப்புகளோடு நின்றுவிட்டால் கதைப் புத்தகம் தேடிவரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் நாளிதழ் படிக்க வரும் பெரியவருக்கும் அங்கே நாற்காலி இல்லை.

பண்பாடு என்றால் பெரும்பாலும் இடம்

பண்பாட்டு வாக்குறுதிகளில் சிலை, வளைவு, பெயர் மாற்றம் ஆகியவற்றை இங்கே விட்டுவிடலாம். விழாக்களை நடத்துவது பெரும்பாலும் கலை பண்பாட்டுத் துறை. 2007-ல் தொடங்கி 2023-ல் மீண்டும் வந்த சென்னை சங்கமத்தில்கூட மாநகராட்சியின் பூங்காக்களும் திடல்களும்தான் மேடைகளாயின. அதாவது உள்ளாட்சியின் பங்கு இடம், மின்சாரம், நடமாடும் கழிப்பறை, மறுநாள் காலைத் துப்புரவு. குறைவாகத் தெரிந்தாலும் இது இல்லாமல் பறையாட்டமும் தெருக்கூத்தும் தெருவுக்கு வராது.

சமுதாயக் கூடத்தில்தான் உண்மையான பண்பாட்டுக் கொள்கை ஒளிந்திருக்கிறது. கூடம் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வாடகைக்குப் போகிறது. அது தவறில்லை, ஏழை வீட்டு விசேஷத்துக்குத்தான் அதைக் கட்டினார்கள். ஆனால் முகூர்த்த நாள் போக மீதி நாள்களில் பூட்டிக் கிடக்கிறது. சிலம்பம் பழகும் பிள்ளைகளும் நாடகக் குழுவும் பூட்டிய கூடத்துக்கு வெளியே தெருவில் பழகுகிறார்கள். முகூர்த்தமில்லாத மாலைகளில் கலைக் குழுக்களுக்குக் கூடத்தைக் குறைந்த கட்டணத்தில் தருவதென்று மன்றம் தீர்மானம் போடலாம். யாருக்கு முதலிடம், மின்கட்டணம் யார், முன்பதிவு ஏடு எங்கே இருக்கும் என்று மூன்றையும் எழுத்தில் வைக்காவிட்டால் இரண்டே மாதத்தில் ஒரு குழு மட்டும் கூடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் நிகழ்ச்சி நிரலில் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊராட்சியில் நிலைமை வேறு

கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்திடுகிறார். ஆகவே அவர் ‘செய்வேன்’ என்றால் அந்தச் சொல்லுக்குக் கவுன்சிலரின் சொல்லைவிடக் கனம் அதிகம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் அவரை நிறுத்திக் கேட்கவும் முடியும்.

கிராமங்களில் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் நூலகமும் விளையாட்டுத் திடலும் உள்ளிட்ட வேலைகள் நடந்தன. அதற்குப் பத்து ஆண்டு கழித்து 500 ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அறிவிக்கப்பட்டன. பின்னர் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது, 33 வகைப் பொருள்கள். அண்ணா மறுமலர்ச்சித் திட்ட நூலகங்கள் பல மூடியதற்குக் காரணம் எளிது: கட்டடத்துக்கு லட்சங்களில் பணம், திறந்து வைப்பவருக்குச் சொற்பத் தொகுப்பூதியம். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறும், பழைய திட்டத்தின் பராமரிப்பு யார் பட்டியலிலும் இருக்காது.

உபகரணத் தொகுப்பிலும் அதே சாவிப் பிரச்சினைதான். கிரிக்கெட் மட்டை அலுவலக பீரோவில் இருக்கும். அலுவலகம் மாலை ஐந்தே முக்காலுக்குப் பூட்டும். பிள்ளைகள் திடலுக்கு வருவதே அதற்குப் பிறகு. கொடுக்கும் ஏடு ஒன்று, பொறுப்பாக இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும், உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் என்ன செய்வது என்று கிராம சபையில் ஒரு தீர்மானம். பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் இரண்டு மாலை திடல் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதினால்தான் நடக்கும். எழுதாவிட்டால் திடல் முழுக்க ஒரே கிரிக்கெட் அணி.

நகரத்தில் இதற்கு இணையானது பூங்கா நேரம். பல பூங்காக்கள் காலை 10 மணிக்குப் பூட்டி மாலை 4 மணிக்குத் திறக்கின்றன. பகலில் நிழல் தேடும் முதியவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் கதவு சாத்தியிருக்கும். நேரத்தை நீட்டக் கட்டுமானம் எதுவும் தேவையில்லை, காவலுக்கு இன்னொரு ஷிப்ட் போதும். மாநகராட்சிப் பள்ளித் திடலை 4.30 மணியிலிருந்து 7 மணிவரை தெருப் பிள்ளைகளுக்குத் திறப்பதும் இப்படித்தான். அதற்குத் தேவையானவை: வகுப்பறை வழியாகப் போகாத தனி வாசல், வெளியிலிருந்து போகக்கூடிய கழிப்பறை, ஒரு விளக்கு, சாவியோடு ஒரு ஆள், தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் ஓர் ஆணை. இந்த ஆணை இல்லாமல் எந்தத் தலைமை ஆசிரியரும் கதவைத் திறக்க மாட்டார். ஒரு பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.